கடைசிப் பக்கத்துச் சுவர்

ரெஜினா வேலை பார்க்கிற மாமல்லபுரத்து ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. அறையைக் காலி செய்கிறவர்கள் எதையாவது மறந்துவிட்டுப் போனால், அதற்குச் சீட்டு ஒட்டி மூன்று மாதம் அலமாரியில் வைப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால், கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். இப்படி ரெஜினாவின் வீட்டுக்கு ஒரு குடையும், இரண்டு சார்ஜரும், ஒற்றைக் கம்மலும் வந்திருந்தன. நான்காவதாக வந்தது ஒரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகம்.

"ஒரு எழுத்தும் புரியல. பந்து ஆடுற பொண்ணு கத. உன்ன மாதிரியே தலைய வாராம கீது," என்று சொல்லி மகள் சிநேகாவின் மடியில் போட்டாள்.

சிநேகாவுக்கு அப்போது பதினான்கு வயது. எல்லாப் புத்தகத்தையும் போல இதையும் இடப்பக்கத்து அட்டையிலிருந்து திறந்தாள். திறந்தவள் அன்று மாலை முழுவதும் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு ஒரு மைதானம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மனிதர்கள். ஒவ்வொருவரும் கடுகளவுதான். ஆனால் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் ஒவ்வொரு கடுகுக்கும் ஒரு வாய் இருந்தது. ஒன்று கத்தியது, ஒன்று அழுதது, ஒன்று திறந்தபடியே நின்றுவிட்டது. நடுவில், முதுகில் எட்டு என்று எண் போட்ட ஒரு பெண் கையை உயர்த்தி நின்றாள். வெறும் கறுப்பு மை. அதில் வெளிச்சம் எப்படி வந்தது என்று சிநேகாவுக்கு விளங்கவேயில்லை.

பக்கங்கள் புரளப் புரளக் கூட்டம் குறைந்தது. பெரிய மைதானம் போய்ப் பள்ளிக்கூட மைதானம் வந்தது. கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எண் போட்ட சட்டையும் போயிற்று. கடைசிப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு தெரு, பந்துபட்ட தடங்களோடு ஒரு சுவர், அதை நோக்கிப் பந்தை உதைக்கும் அதே பெண். அவ்வளவுதான். எல்லாம் பறிபோன ஒருத்தியின் கதை என்று சிநேகா புரிந்துகொண்டாள். ஆனால் அந்தக் கடைசிப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போன பிறகு ஒருத்தியால் எப்படி அப்படிச் சிரிக்க முடியும்? அதுதான் சிநேகாவைப் பிடித்து ஆட்டியது.

மறுநாளே அவள் ஒரு பந்தைத் தேடிப் பிடித்தாள். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரிக்கு ஒரு நீளச் சுவர் இருந்தது. இரண்டு வருஷம் அந்தச் சுவர் அவளிடம் உதை வாங்கியது.

புத்தகத்தின் நடுவே நான்கு கட்டங்களில் ஒரு வித்தை இருந்தது. பந்தை முன்னால் விட்டு அவள் ஓடுகிறாள். பந்தைத் தாண்டிக் குதிக்கிறாள். அந்தரத்திலேயே உடம்பைத் திருப்புகிறாள். கடைசியில், வந்த திசையைப் பார்த்தபடி, பந்து பாதத்துக்கடியில் அசையாமல் நிற்கிறது. இந்த நான்கையும் சிநேகா கடற்கரை மணலில் கற்றாள். கற்று முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அங்கே கூட ஆடிய பிள்ளைகள் துரத்தி வந்தால் பத்தடி தள்ளிப் போய்த்தான் நின்றார்கள்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாவட்ட அணிக்குச் செங்கல்பட்டில் ஆள் எடுத்தார்கள். சிநேகாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ரெஜினா வார லீவை மாற்றி வாங்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள். பேருந்தில் அவள் முன் இருக்கையில் தூங்கிப்போக, பின்னால் சிநேகாவும் அவள் பள்ளித் தோழி கவியாவும் உட்கார்ந்திருந்தார்கள். கவியா கோல்கீப்பர், ஜப்பான் கார்ட்டூன் எல்லாம் போனில் பார்த்துத் தீர்த்தவள். சிநேகா தைரியத்துக்காகக் கொண்டுவந்திருந்த புத்தகத்தைத் திறந்ததும் கவியா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, கடைசில இருந்து பாத்துகினு கீற?"

"இதான்டி மொத பக்கம்."

"அது நம்மூர் புக்குக்கு. ஜப்பான் புக்க வலது பக்கத்துல இருந்து படிக்கணும். கட்டமும் அப்டிதான்."

சிநேகா சிரித்தாள். பிறகு புத்தகத்தைத் திருப்பினாள். திருக்கழுக்குன்றம் மலை ஜன்னலில் வந்து போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. சுவரோடு தனியாக ஆடுகிற ஒருத்தி. அவளைப் பார்த்து ஒருத்தி வந்து சேர்கிறாள், பிறகு மூன்று பேர். சட்டை வருகிறது, எண் வருகிறது, கடைசியில் அந்த மைதானம், அத்தனை வாய்கள். ஒரு படமும் மாறவில்லை. ஆனால் அவள் எதையும் இழக்கவேயில்லை. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் இருந்த ஒருத்தி மெல்லத் திரும்பி, இதுவரை காட்டாத முகத்தைக் காட்டியது போலிருந்தது சிநேகாவுக்கு.

அதன்பிறகுதான் நடுப்பக்கம் நினைவுக்கு வந்தது. நின்ற பந்திலிருந்து திரும்பி, தாண்டி, ஓட வேண்டிய வித்தை அது. அவள் ஓட்டத்திலிருந்து நிற்கக் கற்றிருந்தாள்.

"அப்போ நான் கத்துகினது?"

"தப்பா கத்துகினு கீற," என்று கவியா சிரித்தாள். தோழியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் முறுக்கில் பாதியை ஒடித்துக் கொடுத்தாள். சிநேகா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டு மைதானம் கட்டாந்தரை. தேர்வாளர் வரலட்சுமி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, விசிலும் நோட்டுமாக ஓரத்தில் நின்றார். சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பத்து நிமிஷம் ஆடவிட்டார்கள். சிநேகாவுக்கு முப்பத்தொன்று என்று எழுதிய துணி. எதிர்க் குழுவின் கோலில் கவியா நின்றாள்.

முதல் முறை பந்து கிடைத்ததும் சிநேகாவின் கால் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தாண்டினாள், திரும்பினாள், பாதம் வெறும் தரையில் இறங்கியது. மணல் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தத் தரை அதை உருட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். ஓரத்திலிருந்து யாரோ, "அக்கா டான்சு ஆடுது," என்றார்கள். வரலட்சுமி நோட்டில் எதுவும் எழுதவில்லை. அதுதான் விழுந்ததைவிட வலித்தது.

பாதி நேரம் போய்விட்டது. சிநேகா பந்தைத் துரத்தாமல் கொஞ்ச நேரம் தரையையே கவனித்தாள். எவ்வளவு மெல்லத் தட்டினால் எவ்வளவு தூரம் உருளும் என்று கண்ணால் அளந்தாள்.

மறுபடி பந்து வந்தபோது மதுராந்தகத்திலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தி தோளோடு தோளாக ஓடிவந்தாள். சிநேகா பந்தைப் பூவைத் தொடுவது போலத் தொட்டு விட்டாள். தாண்டினாள், திரும்பினாள். பந்து பாதத்துக்கடியில் நின்றது. உயரமான பெண் வேகத்தை அடக்க முடியாமல் முன்னால் போனாள். போனவள் சுதாரித்து, சிநேகாவின் முதுகை நோக்கித் திரும்பி ஓடிவந்தாள்.

பாதத்துக்கடியில் பந்து. முதுகுக்குப் பின்னால் எதிராளி. இந்தப் படம் சிநேகாவுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் முடிவு என்று நினைத்திருந்த கட்டம். காலையில் பேருந்தில்தான் அது முதல் கட்டமாகியிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. உடம்பு தான் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அந்தரத்தில் திரும்பினாள், தாண்டினாள், குதிகாலால் பந்தை முன்னால் விட்டாள், ஓடினாள். அந்தப் பெண் மறுபக்கமாகக் கடந்து போனாள். சிநேகா கோலை நோக்கி அடித்தாள்.

கவியா பாய்ந்து பிடித்துவிட்டாள். பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தபடியே, வாயைத் திறந்து சிநேகாவைப் பார்த்தாள். அந்தக் கடுகு மனிதர்களில் ஒருத்தி இறங்கி வந்தது போல இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வரலட்சுமி கூப்பிட்டார். "முப்பத்தொண்ணு, அத யார்கிட்ட கத்துகின?"

"ஒரு புக்குல பாத்தேன் மேடம். தலகீழாப் படிச்சிட்டேன்."

வரலட்சுமி நோட்டில் எழுதினார். மாலையில் எண்களை வாசித்தபோது கவியாவின் எண் முதலிலேயே வந்துவிட்டது. முப்பத்தொன்று கடைசியாக வந்தது.

திரும்பும் பேருந்தில் ரெஜினா தூங்கவில்லை. மகளின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிநேகா ஜன்னல் பக்கம் சாய்ந்து அந்தச் சுவர்ப் படத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போன பிறகு சிரிக்கிறாள் என்றுதானே நினைத்தேன். எதுவுமே வருவதற்கு முன்னாலும் அவள் அப்படித்தான் சிரித்திருக்கிறாள். இரண்டில் எது பெரிய ஆச்சரியம் என்று சிநேகாவுக்குத் தெரியவில்லை.

ரெஜினா இடப்பக்கத்து அட்டையைத் திறந்திருந்தாள். மைதானத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே கேட்டாள்: "இத்தினி பேரும் இவளப் பாக்கவா வந்துகீறாங்க?"

"ஆமாம்மா," என்றாள் சிநேகா.