கடைசி இரண்டு இலக்கங்கள்

...இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரவா என்று திரை கேட்கிறது, தொடராமல் என்ன செய்வது, கடையில் இருப்பது இந்த ஒரே பென் டிரைவ்தான், ஒரு ஜிபி, மூடி எப்போதோ தொலைந்துபோனது, இதைத்தான் சீடி மாதிரி ஆக்கி அந்த லேப்டொப்புக்குப் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்ற வேண்டும், ஆனால் இதற்குள்தான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்தக் குறிப்பைப் பிரதி எடுத்தாள், ஏன் எடுத்தாள், யார் எடுக்கச் சொன்னது... சுலக்ஷனா மவுஸை 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தாள். அந்தக் கட்டத்தை எத்தனை நூறு தடவை அழுத்தியிருப்பாள், மூன்று வருடமாக இதே கடை, இதே மேசை, யாருடையதோ கல்யாணப் படங்கள், யாருடையதோ பரீட்சை வினாத்தாள்கள், கேட்காமலே அழுத்தியிருக்கிறாள், அழிந்ததெல்லாம் என்ன ஆனது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே அட்டன் பஸ் ஸ்டாண்டில் மூடுபனி இறங்கிவிட்டது, பஸ்கள் தெரியவில்லை, கண்டக்டர்மார் ஊர் பெயர்களைக் கூவுவது மட்டும் கேட்கிறது.

காலையில் பத்து மணிக்கு வந்தார் அந்த மனிதர், பெயர் அழகுமுத்து என்றார், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பூண்டுலோயாவிலேயே கடை இருக்கிறது, தலவாக்கலையில் இரண்டு இருக்கிறது, ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உரப்பையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்தார், கம்பளிக்குள் லேப்டொப், சீடி போடும் தட்டு உடைந்து தொங்குகிறது, மூடியின் மேல் சப்பாத்துக் காலால் மிதித்த மாதிரி ஒரு பள்ளம். "மகனோடதுங்க" என்றார். அவ்வளவுதான் சொல்ல நினைத்திருப்பார், ஆனால் அவள் தட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததால் மீதியும் வந்துவிட்டது. மகன் பெயர் பழனியாண்டி, கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை, லாட்ஜில் தங்கியிருந்தான், போன நவம்பரில் ஒருநாள் பொழுதுபட நாலு பேர் வந்து விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப் போனார்கள், இப்போது பெப்ரவரி, எங்கே இருக்கிறான் என்று எந்த இடத்திலும் சொல்கிறார்கள் இல்லை. லாட்ஜ்காரர் பையை மட்டும் கொடுத்தனுப்பினார். சொல்லும்போது அழவில்லை, யாரோ ஒருவருடைய மகனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார், அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்... "அவன் தங்கச்சி ஏ.எல். பரீட்ச எடுக்குதுங்க, அதுக்குத்தான். இப்ப இருக்கறது ரொம்ப மெதுவா ஓடுதாம். பழசு ஒண்ணு இருக்காமே, அதப் போட்டா வெரசா ஓடும்னு டீச்சரு சொன்னாங்களாம்." பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அத்தோட இதுல இருக்கறது எல்லாம் போயிரணும் தாயி. ஒண்ணும் மிஞ்சக் கூடாது."

பார்க்காமல் இருந்திருக்கலாம். எதையாவது எடுத்து வைக்கவா என்று கேட்பது கடைப் பழக்கம், அந்தப் பழக்கத்தில்தான் திறந்தாள், படங்கள் கொஞ்சம், பாட்டுகள், வேலைக்கு எழுதின விண்ணப்பம் ஒன்று, கடைசியாகத் திறந்தது எது என்று பார்த்தால் பெயரே வைக்காத ஒரு பக்கம், தமிழில் தட்டியிருக்கிறான், ஐந்தாறு வரி. பதினோராம் தேதி இரண்டு பேர் லாட்ஜில் வந்து என் பெயரைக் கேட்டார்கள். பதினான்காம் தேதி கடைக்கு முன்னால் ஒரு வேன், இலக்கம் இது. பதினாறாம் தேதி அதே வேன், லாட்ஜுக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, ஒரு வரி வெறுமையாக இருக்கிறது, அடுத்த தேதிக்காக விட்ட இடம் போல. "அய்யா, இதுல உங்க மகன் எழுதி வச்சது ஒண்ணு இருக்குங்க. வந்தவங்களப் பத்தி..." என்று தொடங்கியதும் அவர் எழுந்தேவிட்டார். "படிக்காதீங்க." "ஒரு வண்டி நம்பரு..." "வேணாம் தாயி. கேட்டா எனக்குத் தெரிஞ்சுபோகும். கூப்பிட்டு வச்சுக் கேக்கும்போது தெரியாதுன்னு சொல்றேன் பாருங்க, அப்ப எனக்கு நெசமாவே தெரியாம இருக்கணும். ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. இன்னொரு புள்ள இருக்கு எனக்கு, அது கொழந்தப்புள்ள இல்ல, பதினெட்டு வயசு." அதற்கு மேல் நிற்காமல் ரெண்டு மணிக்கு வருகிறேன் என்று பனிக்குள் இறங்கிப் போய்விட்டார், கம்பளியை மறந்து நாற்காலியிலேயே விட்டுவிட்டு.

அவர் சொன்னது சரிதானே. சரியில்லை என்று யார் சொல்ல முடியும், அவளா... அவளுக்குத் தெரியாதா அந்தக் கேள்வி கேட்கிற அறை எப்படி இருக்கும் என்று. இரண்டாயிரத்து ஆறில் கொழும்புக்கு ஹார்ட்வெயார் படிக்கப் போனபோது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டினார்கள், சிறிய ஸ்குரூ டிரைவர்கள் பன்னிரண்டு, ஒரு துண்டு வயர், எதற்கு இது, எதற்கு இது என்று திரும்பத் திரும்ப, அவளுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் கொழுந்து நிறுக்கிற இடத்துச் சிங்களம், கணினி திருத்துவதற்கு அதில் வார்த்தை இல்லை. நாலு மணி நேரம், அங்கே ஓர் அறையில், பெஞ்சில். படிக்கிற இடத்திலிருந்து படிப்பிக்கிற சேர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். அதே பெஞ்சில் இன்னொரு பெண் இருந்தாள், நீலச் சுடிதார், இவளுக்கு முன்னாலேயே வந்தவள், அவளுக்காக யாரும் வரவில்லை. சுலக்ஷனா எழுந்து போகும்போது அந்தப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பெயரா, போன் நம்பரா, நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நிற்கவில்லை, கதவு வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை, அடுத்த ரயிலில் அட்டனுக்கு வந்தவள்தான், பிறகு கொழும்புப் பக்கம் போகவே இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் யாராவது இப்படி ஒரு பையோடு எங்கேயாவது நின்றிருப்பார்களா... தாளில் எழுதி வைத்தால் தாள் பையில் இருக்கும், பையைக் கொட்டுவார்கள். கடை மிஷினில் வைத்தால் கடைக்காரருக்கு ஆபத்து, அவர் யாழ்ப்பாணத்து மனிதர், போன வருடம் கடையைச் சோதித்தபோது மிஷினைத்தான் முதலில் திறந்தார்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம். மனதை யார் கொட்டிப் பார்க்கப்போகிறார்கள், ஏழு இலக்கம்தானே, எத்தனை சாவி எண்கள் அவளுக்கு மனப்பாடம், இருபத்தைந்து எழுத்து எக்ஸ்பி எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். குறிப்பை இன்னொரு முறை திறந்து மூன்று தடவை படித்தாள், இரண்டு ஐந்து மூன்று, கோடு, எட்டு ஒன்று, நான்கு ஏழு. மூடினாள். 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது, டிரைவ் வெறுமையாகிவிட்டது, இனி அதை மிஷின் எழும்பும்போதே கண்டுபிடிக்கிற மாதிரி தயார் செய்து, எக்ஸ்பி சீடியிலிருந்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அதற்குள் கொட்ட வேண்டும், பழைய டிரைவ், மெதுவாகத்தான் வாங்கும், அரை மணி நேரமாவது ஆகும். எட்டு ஒன்று நான்கு ஏழு. எட்டு ஒன்று நான்கு ஏழு. கடைக்காரர் சிவபாதம் மாஸ்டர் ஃபொட்டோ கொப்பி மிஷினின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார், பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர், ஒருவரையும் ஒன்றும் கேட்காதவர், இன்று கேட்டார். "பிள்ளை, உது ஆற்றை மிஷின்?" "பூண்டுலோயாப் பக்கம் சேர், தகப்பன் கொண்டு வந்தாரு." "அந்தப் பெடியன்ரையோ?" எப்படித் தெரியும் அவருக்கு, பேப்பரில் வந்ததா, தகப்பன் பேசியதைக் கேட்டிருப்பாரா... அவள் தலையாட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "கெதியா முடிச்சு அனுப்பிவிடும். எங்கட மிஷினிலை ஒண்டும் ஏத்தேல்லைத்தானே?" "இல்லை சேர்." "நல்லது" என்றார், பிறகு பிரதி எடுக்க வந்த ஒருவரிடம் போய்விட்டார். நல்லது என்று எதைச் சொன்னார், அவரும் நல்ல மனிதர்தான், இந்தக் கடைக்குள் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான்.

லேப்டொப்பில் டிரைவைச் செருகி, முதலில் இதைப் பார்த்து எழும்பு என்று மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினாள், கறுப்புத் திரை, ஒரு கணம் ஒன்றும் இல்லை, எழும்பாது என்றே நினைத்தாள், எழும்பாவிட்டால் நல்லது என்றா நினைத்தாள், பிறகு நீலத்திரை வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கின் பழைய பகுதியை நீக்க டீ எழுத்து. நீக்கினால் எல்லாம் போய்விடும், உறுதியா என்று கேட்டது, உறுதி என்றால் எல் எழுத்து. விரல் எல்லுக்கு மேலே நின்றது, பிறகு இறங்கியது, சத்தமே இல்லை, பழனியாண்டி என்ற ஒருவன் இரவில் லாட்ஜில் உட்கார்ந்து தட்டியதெல்லாம் 'பயன்படுத்தப்படாத இடம்' என்று ஒரு வரியாகிவிட்டது. மஞ்சள் கோடு ஓடத் தொடங்கியது. மறுபடி எழும்பி இரண்டாம் கட்டம் வந்ததும், இன்னும் முப்பத்தொன்பது நிமிடங்கள் என்றது, டிரைவைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பாதியில் நின்றுவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உங்கள் கணினி இனி வேகமாகவும் நம்பகமாகவும் இயங்கும் என்று திரையில் விளம்பரம் வந்து போனது. எட்டு ஒன்று ஏழு நான்கு. இரண்டு ஐந்து மூன்று, எட்டு ஒன்று ஏழு நான்கு... நில். நான்கு ஏழா, ஏழு நான்கா. ஏழு நான்கு என்று எப்போதிலிருந்து சொல்கிறாள், முதலில் எப்படிச் சொன்னாள், கண்ணை மூடிப் பார்த்தாள், அந்தப் பக்கம் தெரிகிறது, தேதிகள் தெரிகின்றன, அந்த வெறும் வரிகூடத் தெரிகிறது, இலக்கம் இருந்த இடத்தில் மட்டும் இரண்டும் மாறி மாறி வருகின்றன, நாற்பத்தேழு, எழுபத்துநான்கு, இரண்டுமே பொருந்துகின்றன, மாஸ்டர் வந்து பேசியபோது குழம்பியதா, அதற்கு முன்னாலேயா. டிரைவில் இல்லை. லேப்டொப்பில் இல்லை. முப்பத்துநான்கு நிமிடங்கள் என்றது திரை.

ரெண்டு மணிக்கு முன்னாலேயே அழகுமுத்து வந்துவிட்டார், தலையெல்லாம் ஈரம், எங்கே போயிருந்தார் என்று தெரியவில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருப்பார். புதுத் திரையைக் காட்டினாள், பச்சை மலை, நீல வானம், மேகம். குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே?" "இல்லீங்க. எல்லாம் போயிருச்சு." அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது, வந்ததும் அதற்குப் பின்னாலேயே வாய் கோணியது, திரையில் இருந்த அந்த மலையை ஒரு விரலால் தொட்டார். "போட்டோவெல்லாம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். அதை அவள் ஏன் கேட்கவில்லை, படங்களை மட்டுமாவது எடுத்து வைக்கவா என்று, அந்தக் குறிப்பைக் கண்ட பிறகு மற்ற எதுவுமே நினைவில் இல்லை... "கொஞ்சம் இருந்துச்சுங்க" என்றாள். அவர் தலையாட்டினார், நான்தானே சொன்னேன் என்பதுபோல. கம்பளியில் சுற்றி உரப்பையில் வைத்துக்கொண்டு, கடைப் பற்றுச்சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஐந்து மணியிருக்கும், கடைப் போன் அடித்தது, மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பெண் குரல், மூச்சு வாங்குகிறது, யாரோ பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, பின்னால் ஒரு ரேடியோ. "கம்பியூட்டரு கடைங்களா? நான் அழகம்மா பேசுறேன் தாயி, பழனியோட அம்மா. இந்தத் துண்டுல நம்பரு இருந்துச்சு. அவரு பொட்டியக் கழுவிக் கொண்டாந்துட்டாரு. எனக்குச் சொல்லாமலே கொண்டுபோயிட்டாரு." ரேடியோவை யாரோ குறைத்தார்கள். "கொழும்புல மனு எழுதிக் குடுத்த எடத்துல ஒவ்வொரு தடவயும் அதத்தான் கேக்குறாங்க, வந்த வண்டி நம்பரு தெரியுமா, வண்டி நம்பரு இருந்தாத்தான் தேடலாம்னு. நான் என்னத்தச் சொல்ல. எம்மவன் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவன், கடைக்குப் போற சாமானயும் எழுதித்தான் வைப்பான். அதுல அப்படி ஏதும் பாத்தீங்களா தாயி? வண்டி நம்பரு ஏதும்?" சுலக்ஷனா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். நாற்பத்தேழு, எழுபத்துநான்கு. தப்பாகச் சொல்லிவிட்டால், வேறு யாருடைய வண்டியோ ஆகிவிட்டால், நீ எப்படிப் பார்த்தாய் என்று இங்கே வந்து கேட்டால், அவர் பாவம் அந்த மனிதர், இன்னொரு பிள்ளை... "இல்லீங்கம்மா" என்றாள். "அப்படி ஒண்ணும் பாக்கலீங்க." "சரி தாயி. நல்லா இருங்க" என்று அழகம்மா வைத்துவிட்டாள்.

பொய்யில்லை, அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரியாததைத் தெரியாது என்றுதானே சொன்னாள், நிச்சயமில்லாத இலக்கத்தைக் கொடுத்து ஒரு தாயை அலைய விடுவதா என்று மனம் ஒழுங்காக அடுக்கிக்கொண்டே போனது, போனை வைத்த கை இன்னும் போனின் மேலேயே இருந்தது, அப்போதுதான், இவ்வளவு நேரம் கழித்து, அது தோன்றியது. இரண்டையும் சொல்லியிருக்கலாம். நாற்பத்தேழாக இருக்கும், இல்லாவிட்டால் எழுபத்துநான்கு, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கம்மா என்று. இரண்டே இரண்டு வண்டிதானே, தேடுகிறவர்கள் தேடுவார்கள்தானே, இவ்வளவு சின்ன விஷயம், இது எப்படித் தோன்றாமல் போனது... போனின் சின்னத் திரையில் அழகம்மா பேசிய இலக்கம் இன்னும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும், அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், தோன்றாமல்தான் போனதா, அப்படியென்றால் இலக்கம் குழம்பிய அந்த நேரத்தில் நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கி லேசானதே, அது என்ன.