பதினான்கு தட்டுகள்

கொசு மருந்து அடிக்கும் மெஷினின் உறுமல் தெருமுனையில் கேட்டதும் மதுமதி கையிலிருந்த சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். வீட்டை ஒட்டிய பழைய தறி ஷெட்டில், நாற்பது தட்டுகளில், கோதுமைத் தவிட்டுக்குள் மாவுப்புழு வளர்க்கிறாள். பள்ளிபாளையம் சுற்றுவட்டாரத்து நாட்டுக்கோழிப் பண்ணைகளுக்கு அதுதான் தீவனம். அந்தப் புகை பட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. கணவன் குணசீலனோ லாரியோடு குஜராத்தில் இருந்தான்.

ஓடிப்போய் மறித்தாள். "அண்ணா, நில்லுங்க. ஷெட்டுல புழு இருக்குதுங்க."

"புழு பூச்சியக் கொல்லத்தானுங்க அம்மிணி மருந்தே," என்றார் மெஷினைத் தோளில் மாட்டியிருந்த வேலுசாமி.

"கோழிக்குப் போடறதுக்கு நான் வளக்கறதுங்ண்ணா."

அதற்குள் பக்கத்து வீட்டு வசந்தாமணி வந்துவிட்டாள். அவள் மகள் அகல்யா மூன்று நாளாக டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "எம்புள்ளைக்கு ரத்தத்துல அணு கொறஞ்சுட்டே போவுது. உனக்குப் புழு பெருசாப் போச்சா? அந்த ஷெட்டுலதான் கொசுவே பொறக்குது!"

காய்ந்த தவிட்டில் கொசு எப்படிப் பிறக்கும்? கேட்டிருக்கலாம். வசந்தாமணியின் வீங்கிய கண்களைப் பார்த்தவள் வேலுசாமியிடம் திரும்பினாள்.

"அடிங்கண்ணா. பத்து நிமிசம் மட்டும் குடுங்க."

"மேக்காலத் தெருவ முடிச்சுட்டு வாரேன். அதுக்குள்ள எடுத்துக்குங்க."

புழு வளர்ந்து வண்டாகித்தான் முட்டையிடும்; அந்த வண்டுகள்தான் முதலில். அவை போனால் எல்லாம் போனது. எட்டுத் தட்டுகளைத் தூக்கி வந்து வாசலில் நின்ற ஆம்னி வேனில் அடுக்கினாள். பிறகு முட்டைத் தட்டுகள். ஒன்று கைநழுவிக் கவிழ்ந்தது. கையால் வாரிப் போட்டாள். மொத்தம் பதினான்குதான் ஏறின. உறுமல் திரும்பிவிட்டது.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வாசலைத் தாண்டி அவள் வண்டி ஓட்டியதே இல்லை. பின்னால் வெள்ளைப் புகை ஷெட்டை விழுங்கியது. வேனுக்குள்ளோ வெயிலில் காய்ந்த தகரச் சூடு. காவிரிக்கரைக்கு வந்து தவிட்டைத் தொட்டால் சுட்டது. வண்டுகள் அசையாமல் கிடந்தன. கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு வண்டு காலை உதறியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. அடியில் வண்டுகள் ஊரத் தவிடு மெல்ல அசைய ஆரம்பித்ததும், முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதாள்.

தட்டுகளை அண்ணன் சண்முகவேல் வீட்டில் இறக்கிவிட்டு மறுநாள் காலை திரும்பினாள். ஷெட்டில் மிச்சம் இருபத்தாறு தட்டுப் புழுக்களும் செத்துக் கறுத்துக் கிடந்தன. மருந்து பட்ட புழுவைக் கோழி தின்றால் ஆபத்து. தட்டுகளைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, புதைக்கக் குழி வெட்டத் தொடங்கினாள்.

வேலியோரம் வசந்தாமணி வந்து நின்றாள்.

"அகல்யாவுக்கு எப்படி இருக்குதுங்கக்கா?"

"காலைல அணு ஏறியிருக்குதாம்." குழியை எட்டிப் பார்த்தாள். "வண்டியில கொண்டுபோனது?"

"பொழச்சுக்கிச்சுங்க."

வசந்தாமணியின் நான்கு கோழிகள் வேலிக்கு அடியில் நுழைந்து தட்டுகளை நோக்கி ஓடின. "போ, ஏய்!" என்று விரட்டிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தாள்.

"நீ ஆழமா வெட்டு மதுமதி. நான் இதுகளப் புடிச்சு அடைச்சுட்டு வாரேன்."