அக்காவின் குரலுக்கு இரண்டு மைக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலவைத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவில் கதை வருகிறது, அல்லது பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போகிறார். எனக்கு வாய்த்தது இது: “வெள்ளைத் துணிகளையும் வண்ணத் துணிகளையும் தனித்தனியாக ஊற வைக்கவும்.”

என் அக்காவின் குரலில் இன்று மிச்சமிருக்கும் முழு வாக்கியம் இது ஒன்றுதான். அக்கா உயிரோடு இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாட்டுக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட வேண்டாம். குரல்வளையில் புற்று வந்து, அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது எழுதிக் காட்டித்தான் பேசுகிறாள். இந்தக் கதையையும் முதலில் படிக்கிறவள் அவள்தான். பிடிக்காத இடத்தில் பென்சிலால் கோடு இழுக்கிறாள்.

எழுதிப் பார்த்த தொடக்கங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த வீட்டை ஒரு பெரிய மௌனம்

(அக்கா கோடு இழுத்துவிட்டாள். “வீட்ல நாள் பூரா டிவி ஓடுது. எங்க இருக்கு மௌனம்?” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.)

ஒலி என்பது காற்றின் ஞாபகம் என்றால்

(இதை நானே அடித்தேன். வெட்கமாக இருந்தது.)

அத்தானுக்குக் காது நல்ல காது.

இதை மட்டும் இருவரும் விட்டுவைத்திருக்கிறோம்.

2

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒலிப்பதிவாளர். விளம்பரங்களுக்குக் குரல் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை. அடுத்த அறையில் யாராவது சட்டைப் பொத்தானைப் போட்டால்கூடத் திரும்பிப் பார்க்கிற ஆள். அக்கா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களிடம் “ஒண்ணும் வலிக்காது, உட்காருங்க” என்று நாள் முழுக்கப் பொய் சொல்கிற வேலை. தொண்டை கரகரத்தபோது பேசிப் பேசித்தான் கட்டிக்கொண்டது என்று நினைத்தோம். சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே மாதங்களைப் போக்கிவிட்டோம்.

குரல் போய்விடும் என்று மருத்துவர் சொன்ன அன்று அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. தன் மகளுக்காகக் கொஞ்சம் பேசிப் பதிவு செய்து வைக்கவேண்டும். பாப்பாவுக்கு ஏழு வயது.

பேச வேண்டியதை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுத்தாளரின் திமிர்.

“வேணாம். உன் தமிழ்ல நான் பேசினா அவ சிரிப்பா. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். அது எனக்கும் அவளுக்கும்.”

ஸ்டுடியோவுக்கு வரவும் மறுத்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், மகளிடம் பேசுவதுபோல் எப்படிப் பேசுவது? வீட்டில், தன் கட்டிலில் உட்கார்ந்துதான் பேசுவேன் என்றாள். நியாயமான ஆசைதான். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

3

இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரைபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதில்தான் கதையே மாட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த ஸ்டுடியோவிலும் இருக்கும் பெரிய கண்டென்ஸர் மைக் ஒன்றை அத்தான் முதலாளியிடம் இரவல் வாங்கி வந்தார். அது எதையும் விடாது. உதடு பிரிகிற சத்தம், எச்சில் விழுங்குவது, வார்த்தைக்கு முன்னால் எடுக்கிற மூச்சு, எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். கூடவே ஃபிரிட்ஜின் முனகலும், மாடியில் நாற்காலி இழுபடுவதும், தெருமுனையில் கிளம்பாத வண்டியை யாரோ உதைப்பதும் வரும். ஸ்டுடியோ அறையில் அதற்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. படுக்கையறையில் வைத்தால் அது படுக்கையறையைத்தான் பதிவு செய்கிறது.

இன்னொன்று, கடைத்தெருவில் வாங்கிய மலிவான டைனமிக் மைக். மேடையில் கையில் பிடித்துப் பேசுவார்களே, அந்த ரகம். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதற்குக் காது கேளாததுபோல் இருந்துவிடும். ஃபிரிட்ஜ் காணாமல் போனது, நாற்காலி காணாமல் போனது. ஆனால் அக்காவும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

வீட்டில் பதிவு செய்ய நினைக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவானதை வாங்குங்கள். அறை சரியில்லாதபோது நல்ல மைக்கால் உபத்திரவம்தான் அதிகம். இது என் யோசனை இல்லை, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அத்தானே சொல்லி அனுப்பியது. தன் மனைவி என்று வந்தபோது அவரால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. காலத்துக்கும் பாப்பா கேட்கப்போவது இது ஒன்றுதான், இதில் போய் மலிவா என்று நினைத்தார். மறுபடியும் பெரியதைப் பொருத்தினார். ஃபிரிட்ஜ் முனகியது.

மைக்குகளை ஒப்பிடுவதற்கு அவர் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒரே வாக்கியம், ஒரே தூரம், ஒரே அழுத்தம். வாய்க்கு வந்ததைப் பேசினால் தொனி மாறிவிடும், வித்தியாசம் மைக்கினாலா பேச்சினாலா என்று தெரியாது. அதனால் கைக்கு எட்டிய சலவைத்தூள் பாக்கெட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள். மைக்கை மாற்றினார், வாசித்தாள். சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தார், வாசித்தாள். ஃபிரிட்ஜை அணைத்தார், பால் கெட்டுப்போனது, வாசித்தாள். துணி அலமாரியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னார். அதையும் செய்தாள். நண்பர் ஒருவரிடமிருந்து மூன்றாவதாக ஒரு மைக் வந்தது, அதிலும் வாசித்தாள்.

“இப்ப பேசட்டுமாங்க?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் என்பார்.

* போனிலேயே எடுத்திருக்கலாமே என்று நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. எடுத்திருக்கலாம். போனில் பழைய வீடியோக்களும் உண்டு. எல்லாவற்றிலும் படம் பிடிக்கிறவள் அக்கா. “இங்க பாரு, இங்க பாரு” என்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

4

அத்தானை ஒரு கதாபாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு தெரிந்த மனிதர் இவ்வளவு முட்டாளாக இருப்பாரா? படிக்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றியது. தொழில்மேல் வெறி பிடித்தவராக மாற்றி ஒரு பத்தி எழுதினேன்.

(அக்கா அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டாள். ஓரத்தில்: “வெறி இல்ல. பயந்தாரு. நான் பேசி முடிச்சுட்டா ஆபரேஷனுக்குப் போயிடுவேன்ல.”)

இதற்குமேல் நான் எழுத ஒன்றுமில்லை. டெஸ்ட் நடக்கிறவரை பதிவு தொடங்கவில்லை. பதிவு தொடங்காதவரை மனைவிக்குக் குரல் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ தள்ளிப்போட்டதில் இடம் காலியாகியிருக்கிறது, மறுநாள் காலையே வந்துவிடுங்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அத்தான் எந்த மைக் என்றுகூடப் பார்க்கவில்லை, மாட்டியிருந்ததையே ஓட விட்டார். அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து சலவைத்தூள் வாசித்த தொண்டை வீங்கிப்போயிருந்தது. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். அம்மா ஏதோ விளையாட்டு காட்டுகிறாள் என்று பாப்பாவும் உதட்டை அசைத்தாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு மாதிரி நான் யாரையும் வெறுத்தது கிடையாது, கடவுள் உட்பட.

* டெஸ்டுக்கு நடுவில் அக்கா சிரித்திருப்பாள், சலித்துக்கொண்டிருப்பாள், பாப்பாவை அதட்டியிருப்பாள், அதெல்லாம் பதிவாகியிருக்குமே என்று கேட்பீர்கள். நானும் அந்த முடிவைத்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல முடிவு, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பதிவு முடிந்தால் உடனே சுத்தம் செய்துவிடுவது அத்தானுக்குக் கைப்பழக்கம். முன்னும் பின்னும் வெட்டி, இருமல், சிரிப்பு, “போதுங்க” எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்வார். எடுத்ததையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிடுவார். துளி தூசி இல்லாமல் இருக்கிறது எல்லாம்.

5

ஆபரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, சொல்ல நினைத்ததை எழுதிவிடு என்று நான்தான் நச்சரித்தேன். அவள் எழுதிக் காட்டியது: “எழுதினா அது லெட்டர். நான் சொல்லணும்னு நினைச்சேன்.”

அதோடு விட்டிருக்கலாம். பாப்பா விடவில்லை. ஒரு நாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “சித்தி, அம்மா எப்படிப் பேசுவாங்க? எனக்கு மறந்துபோச்சு” என்றாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்தேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அத்தான் வேறு வழியில்லாமல் அந்த வாக்கியத்தைப் போட்டுக் காட்டினார். முதல் தடவை பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பெரிய மைக்கில் ஒன்று, சின்னதில் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று என்று வரிசையாகக் கேட்டாள். கேட்கக் கேட்கச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

“இதுல அம்மா என்னைக் கூப்பிடவே இல்லையே” என்றாள்.

அத்தான் எழுந்து வெளியே போனார். அவர் போன இடத்துக்கு நானும் போகவில்லை, இந்தக் கதையும் போகவில்லை.

6

எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல். போனில் அத்தானே பலமுறை ஏமாந்து, வரும்போது தக்காளி வாங்கி வா என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது அவர் தொண்டையைச் செருமும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நீ பேசும்மா. அவ பேசற மாதிரி. பாப்பாவுக்குத் தெரியாது.”

அசல் கிடைக்காதபோது மலிவான மாற்று. அதுதான் நான். முடியாது என்று அக்கா சொல்லட்டும் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் அத்தானையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். லெட்டர் இல்லை, சொல்லணும் என்றவள், நான் சொல்வதற்காக எழுதினாள். முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் போயிற்று.

அந்தத் தாளில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். இது உத்தி இல்லை. அது என்னுடையது இல்லை.

அத்தான் பெரியது, மலிவானது இரண்டு மைக்குகளையும் அருகருகே வைத்தார். பழக்கதோஷத்தில் ஒரு வாக்கியம் டெஸ்டுக்கு என்று ஆரம்பித்தவர், நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பேசினேன். நீதான் வர்ற, அவ வரல என்றார். மறுபடி பேசினேன். அக்கா மாதிரி இழுத்தேன், அக்கா மாதிரி வார்த்தையை விழுங்கினேன், வரவில்லை. பிறகு ஒரு தடவை, பின்பக்கத்தின் நடுவில், தொண்டை அடைத்துக் குரல் கரகரத்துவிட்டது. நிறுத்தாமல் அழுதுகொண்டே முடித்தேன். அத்தான் ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“இதுதான். இது அவதான்.”

அக்கா ஹெட்போனை வாங்கி முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுதினாள்: “நான் இப்படியா பேசுவேன்?”

தன் குரல் எப்படியிருக்கும் என்பது யாருக்குமே தெரியாது. அந்தச் சலவைத்தூள் வாக்கியத்தை விட்டால் அவளுக்கு இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: பாப்பா நம்பிவிடுகிறாள். பெரியவளானாலும் வைத்திருந்து கேட்கிறாள்.

இரண்டு: கேட்ட உடனே சித்தி என்று கண்டுபிடித்துவிடுகிறாள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் இருந்துவிடுகிறாள். ஏழு வயதில் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு

(இதற்குமேல் எழுத முடியவில்லை.)

நடந்தது இது. பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அந்தத் தாளில் ஒரு கேள்வி இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். பாப்பா எழுந்து போய் அக்காவின் காதில் பதில் சொன்னாள். அந்தக் கேள்வியைத் தானே கேட்டவள்போல் அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். யாரை யார் ஏமாற்றினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து பள்ளிவிட்டு வந்ததும் தினமும் அதைக் கேட்கிறாள்.

மூன்றாவது முடிவு இந்தக் கதைதான். இதை அச்சுக்குக் கொடுத்தால் என்றைக்காவது அவள் கைக்குப் போகும். அதனால் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அக்கா தாள்களைப் பிடுங்கிக்கொண்டாள். ஓரத்தில் இடமில்லாமல் பின்பக்கம் எழுதினாள்: “குடு. அதுல பேசினது நான் இல்லன்னு வெளிய யாருக்காவது தெரியணும்.”

கொடுத்துவிட்டேன். இப்போது உங்களுக்குத் தெரியும்.

பாப்பா இப்போதெல்லாம் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறாள். கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறாள். என்றைக்காவது அவள் உங்கள் வீட்டுக்கு வந்தால், இந்தப் புத்தகத்தை மூடி உள்ளே வைப்பதா, மேசைமேல் விரித்தபடி விட்டுவிடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் மூன்று பேராலும் முடியவில்லை.