ஜீவத்தண்ணீர் பிரசங்கம்

லாரி மெக்கானிக்குக்குத் தஞ்சம் புகுந்த ஊரின் பாஷை பட்டறைக்குப் போதுமான அளவு வரும். அதை நம்பித்தான் போதகர் அவரைப் பிரசங்கத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். அவருடைய நாட்டிலிருந்தே புதிதாக வந்திறங்கிய அகதிக் குடும்பங்கள் முன்வரிசையில் இருந்தன. அவர்களுக்கு அந்தப் பாஷை சுத்தமாகத் தெரியாது.

முடியாது என்று சொல்ல மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. கைக்குழந்தையும் ஒற்றைப் பையுமாக அவரும் மனைவியும் வந்து சேர்ந்த அன்று, கம்பளியோடு காத்து நின்றவர்கள் இந்தச் சபைக்காரர்கள்தான். தங்க இடம் கொடுத்து வேலையும் பிடித்துத் தந்தார்கள். ஆராதனைக்குக் கூப்பிட்டார்கள், வராத வாரங்களில் முகம் சுளித்ததில்லை.

போதகர் ஆத்துமாவின் தாகம் தீர்க்கும் ஜீவத்தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தார். முதல் இரண்டு வாக்கியம் பிடிபட்டது. அப்புறம் அவருக்கு உற்சாகம் ஏற, பேச்சு கட்டறுத்துக்கொண்டு ஓடியது. மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். தண்ணீர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முன்வரிசை அவர் வாயையே பார்த்தது.

"இங்க குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம்," என்றார். "கொதிக்க வைக்க வேண்டாம்."

தலைகள் ஆடின. அந்தத் தெம்பில், பிள்ளைகளுக்கு வைத்தியம் இலவசம், ஆஸ்பத்திரிக்கு இன்ன பஸ், போலீஸ்காரரைக் கண்டால் ஓட வேண்டியதில்லை என்றெல்லாம் அடுக்கினார். போலீஸ் என்றதும் ஒரு தாய் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். தன் பிரசங்கம்தான் அவளை உருக்கியது என்று நினைத்து, போதகர் குரலை இன்னும் உயர்த்தினார்.

ஆராதனை முடிந்ததும் அவள் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இரண்டே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். போலீஸ், நன்றி. போதகர் ஒன்றும் புரியாமல் மெக்கானிக்கைப் பார்த்தார்.

மறைக்க மெக்கானிக்குக்கு மனம் ஒப்பவில்லை. "மன்னிச்சிடுங்க ஐயா. உங்க பேச்சு எனக்கு எட்டல. வந்த புதுசுல நாங்க எதெதுக்குப் பயந்தோமோ, அதைப் பத்திச் சொல்லிட்டேன்."

போதகர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தனை வருஷமா பேசுறேன். ஒருத்தரும் இப்படிக் கையைப் பிடிச்சு நன்றி சொன்னதில்லப்பா."

அடுத்த வாரத்திலிருந்து பிரசங்கத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் மெக்கானிக்குக்கு என்றானது. வந்தவர்கள் அவரிடம் கேள்வி கேட்டார்கள். அவர் அதைச் சபைக்குச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துணைபோகச் சபைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். போதகரும் பிரசங்கத்தை முன்கூட்டியே அவரிடம் எளிய சொற்களில் சொல்லிவைத்தார்.

அப்படி ஒரு ஞாயிறு வீடு திரும்பும் வழியில் மனைவி, இன்றைக்குப் பேச்சு நன்றாக இருந்தது என்றாள்.

"யாரு பேச்சு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறதைப் பாரு," என்றாள் அவள், தூங்கிவிட்ட குழந்தையை அவர் தோளுக்கு மாற்றியபடி.