தொட்டியின் உள்பக்கம்

முப்பத்தெட்டு வருஷம் கூட்டுறவுப் பண்ணையின் டிராக்டர் கொட்டகையில் வெல்டிங் பிடித்தவன் நான். கலப்பை ஒடிந்தால் ஒட்டினேன், டிரெய்லர் அச்சு பிளந்தால் ஒட்டினேன். ஒட்டியது விட்டுப்போச்சு என்று ஒருத்தனும் திரும்பி வந்து நின்றதில்லை. அதனால்தான், அக்டோபர் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே பீர் காய்ச்சுவது என்று எட்டுப் பேர் சேர்ந்தபோது, பால்பண்ணை கழித்துப்போட்ட எவர்சில்வர் தொட்டிக்கு அடியில் குழாய் பொருத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி லுபோர் அப்போதே முனகினான்.

"மச்சான், அது எவர்சில்வரு. பேசாம ப்ளாங்காகிட்ட குடுத்துருவோம். பால்பண்ணையில தினமும் அவ அதைத்தான் பண்றா."

"நான் வெல்டிங் பிடிக்கும்போது அவ பொறக்கவே இல்ல, மாப்ள."

"அவ பொறந்து, படிச்சு, உன்னைத் தாண்டியும் போயிட்டா. நீ இன்னும் கலப்பையிலயே நிக்கிற."

போன வருஷம் பிளாஸ்டிக் பீப்பாயில் புளிக்க வைத்து நூறு லிட்டரும் கெட்டுப்போய் வாய்க்காலில் கொட்டினோம். இந்த வருஷமும் கெட்டால் தொழிற்சாலை பீரை இறக்கிவிடுவேன் என்று விழாத் தலைவர் சொல்லிவிட்டார். காய்ச்சின பீர் ஆறு வாரம் குளிரில் கிடக்க வேண்டும். கணக்குப் பார்த்தால், வருகிற சனிக்கிழமை தொட்டியில் ஊற்றியாக வேண்டும். தொட்டியோ ஒன்றே ஒன்று.

இணைப்புக் குழாயை நகரத்துக் கடையில் வாங்கினேன், சட்டைப்பையில் காந்தத்தோடு. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டக் கூடாது. திருகுமரை வெட்டின இடத்தில் லேசாக இழுத்தது. போலிச் சரக்கு என்று சத்தம் போட்டேன். மரை வெட்டினால் அப்படித்தான் கொஞ்சம் இழுக்கும் என்றான் கடைக்காரன். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? அங்கே வேறு கடை இல்லை, வாங்கிக்கொண்டு வந்தேன்.

காற்றுப் படாமல் ஆர்கான் கேஸ் விட்டு ஒட்டுகிற மெஷினை இரவல் வாங்கி மூன்று நாள் தகடுத் துண்டுகளில் பழகினேன். வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் கம்பி, காலுக்கடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற மிதி. மாதாகோவிலில் கையாலும் காலாலும் ஆர்கன் வாசிப்பவனுக்குத்தான் இந்த வேலை சரிப்படும். டார்ச் முனையில் இருக்கிற டங்ஸ்டன் ஊசி உருகின உலோகத்தை ஒரு மயிரிழை தொட்டாலும் போச்சு, ஊசியைக் கழற்றி மறுபடி கூராக்க வேண்டும். அப்படி ஒரே காலையில் பதினேழு தடவை கூராக்கினேன். தகடு ஒன்றரை மில்லி கனம், குழாய் நாலு மில்லி. குழாய் உருகுவதற்குள் தகடு ஓட்டையாகிவிடும். இரும்பு அப்படியில்லை. இரும்பு நமக்காகக் காத்திருக்கும்.

ஒட்டின துண்டுகளில் இரண்டாம் நாள் துரு பூத்திருந்தது. எவர்சில்வரில் துரு! அந்தப் பக்கம் சைக்கிளில் போன ப்ளாங்கா ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தாள்.

"பெரியவரே, எந்த பிரஷ்ல தேய்ச்சீங்க?"

"கொட்டகையில இருந்து கொண்டுவந்ததுதான். ஏன்?"

"அதுல முப்பது வருஷத்து இரும்புத்தூள் இருக்கும். அதைத்தான் இதுல பூசியிருக்கீங்க. புது பிரஷ் வாங்குங்க. இன்னொண்ணு, வெளிய கேஸ் விடுறீங்கல்ல, அதே மாதிரி உள்பக்கமும் விடணும். இல்லன்னா உள்ள கருகிரும்."

பிரஷ் வாங்கினேன். கேஸ் விஷயத்தை நம்பவில்லை. ஊரில் கேஸ் கடை வைத்திருப்பவன் அவள் புருஷன். ரெண்டு மடங்கு கேஸ் விடச் சொன்னால் எனக்குப் புரியாதா?

புதன்கிழமை தொட்டியில் துளை போட்டுக் குழாயை வைத்து ஒட்டினேன். சுற்றி வந்து முடித்தபோது ஒட்டு மயில் கழுத்து மாதிரி மின்னியது. தண்ணீர் நிரப்பினோம், ஒரு சொட்டு கசியவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு லுபோர் பிளம் சாராயக் குப்பியைத் திறந்தான்.

"வாபஸ், மச்சான். சொன்னதெல்லாம் வாபஸ்."

மறுநாள் காலையில் ப்ளாங்கா வந்தாள். ஒட்டின வெளிப்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கையை விட்டாள். விரலை ஒரு சுற்று ஓட்டி எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். விரல் நுனி கறுப்பு.

"கண்ணாடி போட்டுக்கிட்டு உள்ள தலையை விடுங்க."

விட்டேன். பொங்கி வழிந்த பால் அடுப்பில் கருகிக் கிடக்குமே, அப்படி இருந்தது. மேடும் பள்ளமும், பொருக்கும்.

"ராவினா போயிரும்," என்றேன்.

"ராவுங்க."

ஒரு மணி நேரம் அரம் போட்டேன். பொருக்குக்கு அடியில் குழி, குழிக்கு அடியில் குழி. கடைசியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், ஊசித்துளை ஒன்றின் வழியாக முத்து முத்தாக வெளியே வந்தது.

"இந்தக் குழியில எல்லாம் கிருமி உக்காந்துக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. போன வருஷ பீர்தான் மறுபடியும் கிடைக்கும்," என்றாள் ப்ளாங்கா.

வாளியை ஓர் உதை விட்டேன். அது போய் லுபோரின் முழங்காலில் இடித்தது.

"என்னை எதுக்கு ஒதைக்கிற? நானா கருக்கினேன்? இப்பவாவது அவகிட்ட விடு, மச்சான். சனிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

"குடுத்தா அரை மணியில முடிச்சிருவேன்," என்றாள் அவள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல, ஒண்ணு செய்யுங்க. பத்துத் துண்டு ஒட்டுங்க, உள்ள கேஸ் விட்டு. பத்தாவது துண்டு உள்பக்கம் வெளுப்பா வந்தா தொட்டியும் உங்களுக்கு. கருத்தா எனக்கு. எங்க வீட்டுக்காரர் கடையில வாங்காதீங்க, பக்கத்து ஊர்ல வாங்கிக்குங்க. உங்க மனசு எனக்குத் தெரியும்."

லுபோர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஒட்டினதை நானே அறுத்து எடுத்தேன். துளை முன்னைவிட இரண்டு விரல் பெரிதாகிவிட்டது. இன்னொரு தடவை அறுத்தால் தொட்டி குப்பைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் துண்டுகள். பின்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டி, அதற்குள் இன்னொரு கேஸ் ரப்பர் குழாயைச் சொருகி வைத்தேன். முதல் துண்டு கருப்பு. வந்து பார்த்த ப்ளாங்கா சொன்னபடி, ஒட்டி முடித்ததும் கேஸை மூடிவிட்டேனாம், ஆறும் வரைக்கும் விடணுமாம். அடுத்ததற்கு வால்வை முழுக்கத் திறந்தேன், அதுவும் கருப்பு. அதிகமாக விட்டால் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்குமாம். குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம், இது என்ன உலோகமா, மாமியாரா? நாலாவதில் தாள் பிரிந்தது. ஏழாவது பாதி வெளுப்பு, பாதி சாம்பல். ஒன்பதாவது நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மூக்கு அரித்தது. சொறிந்தேன். கருப்பு.

பத்தாவது துண்டைப் பிடிப்பதற்கு முன் முகமூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். பிறகு குழாயில் மட்டும் சூட்டை வைத்து, உருகினது தானாக ஓடிவந்து தகட்டைத் தொடும்படி விட்டேன். ஆறின பிறகு தாளைப் பிரித்தேன். வைக்கோல் நிறம். சுற்றிலும் ஒரே நிறம். ப்ளாங்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தொட்டி உங்களோடது," என்று சொல்லிப் போனாள்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தொட்டியை முடித்தேன். துளை பெருத்துப் போனதால் வட்டத் தகடு ஒன்று வெட்டி வைத்துக் குழாயை அதில் ஒட்ட வேண்டியிருந்தது. கேஸ் அளவைப் பார்க்க நாலு இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தின இடமெல்லாம் வெளியே முடிச்சாகத் தெரிந்தது. தகடும் சூட்டில் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். வெளிர் மஞ்சளாக, வழவழவென்று ஒரு வளையம். நகத்தால் இழுத்தேன், எங்கும் தட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் ப்ளாங்கா கையை விட்டு ஒரு சுற்று ஓட்டினாள். விரலைப் பார்த்தாள்.

"ம். ஊத்தலாம்."

அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷக்காரனுக்கு அவள் கொடுத்தது அந்த ஒரு 'ம்'.

மற்றவர்கள் பீருக்காகக் காய்ச்சி ஆறவைத்த பார்லிச் சாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லுபோர் குனிந்து குழாயைப் பார்த்தான்.

"ஐயோ மச்சான், இது என்ன, கன்னுக்குட்டி கடிச்ச மடி மாதிரி? புதன்கிழமை பண்ணினது எவ்வளவு அழகா இருந்துச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"உள்ள பாருடா," என்றேன். "ஊத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உள்ள பாரு."

"உள்ள என்ன இருக்கு? தள்ளு, கை வலிக்குது."

ஊற்றினார்கள். பழுப்புச் சாறு வளையத்தின் மேல் ஏறி அதை மூடிவிட்டது. தொட்டியைப் பார்க்க அன்று பாதி ஊர் வந்தது. வந்தவனெல்லாம் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்து, யார் ஒட்டினது என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.