படத்துக்கு மட்டும் இன்ஸ்பெக்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி ஷேர் வெளியிடப் போவதாகப் பேச்சு எழுந்தது தொண்ணூற்று மூன்றில். அதற்கு ஒரு புத்தகம் அச்சடித்தார்கள். அதில் போடப் படம் எடுக்க, பேக்கிங்கில் இருந்த என்னையும் சைனம்புவையும் எத்திராஜ் அண்ணன் கூட்டிப் போனார்.

“பொம்பளைங்க கீறாங்க, பாயம்மா கீறாங்க, காலனி ஆளுங்க கீறாங்கன்னு தெரியணுமாம்” என்றார். ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு, கையில் பீஸின் கனம் அளக்கும் மைக்ரோமீட்டர். படத்தின் கீழே ‘இன்ஸ்பெக்டர்கள்’ என்று போட்டார்கள்.

“ஏட்டு சொரக்கா கறிக்கு ஒதவாதுக்கா” என்றாள் சைனம்பு. அவள் புத்திசாலி, அந்த வருஷமே வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

எத்திராஜ் அண்ணன் ஆபீசில் கிளார்க். திருநின்றவூரில் எங்கள் தெருக்காரர். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஆண்டையிடம் கூலிக்கு நின்றவர்கள். அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

“ஷேர் வரட்டும் நாகவல்லி, ஒன்ன நெசமாவே இன்ஸ்பெக்டரா போட்டுடுவாங்க. மொதலாளி என்னாண்ட சொன்னாரு.”

நம்பினேன். சாப்பாட்டு நேரத்தில் மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆள் வராத நாளில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நான் பார்த்து அனுப்பிய ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. ஷேர் மட்டும் வரவில்லை. மார்க்கெட் படுத்துவிட்டது என்றார்கள், தேர்தல் முடியட்டும் என்றார்கள், ஆடி கழியட்டும் என்றுகூடச் சொன்னார்கள். அதற்குள் மேஜைக்கு இரண்டு பையன்கள் புதிதாக வந்து நிரந்தரமும் ஆகிவிட்டார்கள்.

நாலாவது வருஷம் கம்பெனியைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எத்திராஜ் அண்ணன் மறுபடியும் கோட்டை நீட்டினார்.

“ஷேர் இன்னாச்சுண்ணா?”

“அது எங்க வருது? வெளியாளுக்கு ஷேர் குடுத்தா கணக்க ஊருக்கே காட்டணும், கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லணும். இந்த வெள்ளக்காரரு ஒருத்தரே துட்டு போடறாரு. மொதலாளிக்கு இன்னாத்துக்கு அந்தத் தலவலி?”

“ஒனுக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டு வருசமா தெரியும். சொல்லியிருந்தா பேக்கிங் சம்பளத்துக்கே நீ அந்த மேஜைல ஒக்காந்திருப்பியா?”

முதலாளி ஏமாற்றியிருந்தால் ஆறியிருப்பேன். முதலாளி என்ன எனக்குச் சொந்தமா, பந்தமா?

கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார்.

“எத்தினி வருசமா இந்த வேலைன்னு கேக்கறாரு” என்றார் எத்திராஜ் அண்ணன்.

“நான் பேக்கிங்தான், இந்தக் கோட்டு படத்துக்குன்னு சொல்லு.”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது ‘ஃபோர் இயர்ஸ்’, ‘வெரி ஹாப்பி’ மட்டும்தான். வெள்ளைக்காரர் மகிழ்ந்துபோய் என் கையைக் குலுக்கினார்.

நான் கையை விடவில்லை. “நோ ஹாப்பி சார். பேக்கிங்!” என்றேன்.

ஏதோ வேடிக்கை சொன்னேன் என்று நினைத்து அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற முதலாளியும் சிரித்தார். ஆனால் அவர்களுக்கு முந்தி, சத்தமாகச் சிரித்துத் தொடங்கி வைத்தது எங்கள் தெருக்காரர்தான்.