மகிழினி எழுதிக் கொடுத்த பக்கம்

விளையாட்டுக் கோட்டாவில் சேர அந்தப் பெண்கள் கல்லூரி ஒரு பக்கக் கட்டுரை கேட்டது: 'நீங்கள் செய்த ஒரு தவறு, அதிலிருந்து கற்றது.' இது 2007இல். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் கேட்டது போதாதென்று தவறையும் கேட்கிறார்களே, இதற்கும் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமோ என்று எரிச்சலாக வந்தது.

என் அம்மா ராஜாத்திக்குக் குழப்பமே இல்லை. "லேட்டா எய்ந்துப்பேன், இப்ப சீக்கிரமா எய்ந்துக்கறேன்னு எழுதிட்டு வா. வூட்டு கலீஜ எவளாச்சும் ரோட்ல கொட்டுவாளா?"

எனக்குத் தெரிந்த தவறு ஒன்றுதான். முந்தின வருஷம், மாவட்டக் கால்பந்து அணித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, வியாசர்பாடி மைதானத்தில் என்னோடு ஆடும் தோழி மகிழினியின் முழங்காலில் உதைத்தேன். பந்து அவளை விட்டுப் போன பிறகு, தெரிந்தே உதைத்தேன். அணியில் ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள்.

எல்லோரும் விபத்து என்றார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவள் எனக்கே ஆறுதல் சொன்னாள். "நீ இன்னாடி பண்ணுவ எழிலு, நான்தான் குறுக்க வந்துட்டேன்." அவள் கால் இன்னும் முழுசாக மடங்காது. அந்த இடத்துக்கு நான் தேர்வானேன். விண்ணப்பத்தோடு வைத்த சான்றிதழே அந்த அணியில் ஆடியதற்குத்தான்.

அதைத்தான் எழுதினேன். எழுத எழுத அழுகை வந்தது. இதைப் படித்தால் கட்டாயம் சீட் கொடுப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பை எண்ணினால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எங்கள் ஹவுசிங் போர்டில் யாருக்கு மனு எழுதுவதென்றாலும் மகிழினியிடம்தான் போவார்கள். கையெழுத்து அவ்வளவு அழகு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அவள் படிப்பதற்கு முன்பே வேறு யாரோ படிப்பதும் பொறுக்கவில்லை. தாளை அவள் கையில் திணித்தேன்.

"மகி, ஃபேரா எழுதித் தர்றியா? நாளைக்கு கடைசி நாளு." பதிலுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினேன்.

காலையில் அவளே கதவைத் திறந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "எழுதிட்டேன். எடுத்துகினு போ." கதவைச் சாத்திவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். பந்து போன பிறகு உதைத்தது, அவள் இடத்துக்கு ஆசைப்பட்டது எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். திருந்திவிட்டதாகக் காட்ட நானாகச் சேர்த்த வரி அது: 'அவளிடம் உண்மையைச் சொன்னேன், அவள் என்னை மன்னித்துவிட்டாள்.'

பையில் பேனா இருந்தது. தாளில் இடமும் இருந்தது. நான் சேர்க்கவில்லை.

சீட் கிடைத்தது. மூன்று வருஷமும் கல்லூரிக்காக ஆடினேன். மகிழினி இன்றுவரை என்னோடு பேசவில்லை.